சந்தைச் சுவரில் ஒரு தலைகீழ் முகம்

மோந்தார்ஸோ நகரத்தில் சுவரோவியம் வரைகிறவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். நகர சபைக் கட்டடத்தின் சந்தைப் பக்கச் சுவரில் கல்வானோ ரவாஞ்சியைத் தலைகீழாகத் தொங்குவதுபோல் வரைய வேண்டும் என்று தீர்ப்பான அன்று, மூவரில் மூத்தவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டுவிட்டது. இரண்டாமவன் மாடிப்படியில் உருண்டு வலது மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டான். மூன்றாமவன் பிந்தோ. அவனுக்கு எந்த நோயும் வேண்டிய நேரத்தில் வந்ததில்லை.

சேதி கொண்டுவந்தவன் அவன் மனைவி மீத்தாவின் தம்பி நார்தோ. கசாப்புக் கடைக்காரன். ரத்தம் காயாத மேல்துணியோடு ஓடிவந்து பட்டறை வாசலில் மூச்சு வாங்கினான்.

"மச்சான், இன்னும் நின்னுக்கிட்டா இருக்க? படு. சீக்கிரம் படுத்துரு. அக்கா, ஒரு கம்பளி எடு!"

"எதுக்குடா?" என்றாள் மீத்தா.

"ரவாஞ்சிய வரைய ஆள் தேடுறாங்க. கிழவனுக்குக் காய்ச்சலாம். பக்கத்துத் தெருக்காரனுக்குக் கை சுளுக்காம். நான் என் கண்ணால பாத்தேன், அந்தச் சுளுக்குக் கையாலதான் கதவை இழுத்துச் சாத்துறான்."

பிந்தோ ஒரு கேடயத்தில் சிங்கத்துக்கு வால் போட்டுக்கொண்டிருந்தான். வாலை முடித்துவிட்டுப் படுக்கலாம் என்று நினைத்ததுதான் பிழை. சபைக் காவலர்கள் வந்தபோது, ஜூலை மாத வெயிலில் கம்பளியைக் கையில் பிடித்தபடி நட்ட நடு அறையில் நின்றிருந்தான்.

"உடம்புக்கு என்ன?" என்றான் ஒரு காவலன்.

"ஒண்ணுமில்லைங்க" என்றது பிந்தோவின் வாய். மனசு யோசிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டது. நார்தோ தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஊரில் இது வழக்கம்தான். பிடிபட்ட துரோகியைக் கயிற்றில் தொங்கவிடுவார்கள்; தப்பி ஓடியவனைச் சாயத்தில் தொங்கவிடுவார்கள். கல்வானோ, நகர மதிலின் ஆற்று வாசல் சாவியைப் பகை நகரமான ரொக்காவியாவுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தான். விஷயம் வெளிப்பட்டதும் மதிலேறிக் குதித்து, அந்த ரொக்காவியாவிலேயே போய் உட்கார்ந்துகொண்டான். சபை இடித்துத் தள்ளிய அவன் கோபுர வீட்டின் கற்கள் இன்னும் தெருவை அடைத்துக் கிடந்தன.

வரைவது பிந்தோவுக்குச் சிரமமில்லை. சிரமம் வேறு. மோந்தார்ஸோவிலிருந்து துரத்தப்பட்டவர்கள் திரும்பி வருவார்கள். எப்போதும் வந்திருக்கிறார்கள். ஒரு கூட்டம் உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போகும். வெளியே போனது அடுத்த ஊர்ப் படையைக் கூட்டிக்கொண்டு வரும். வந்ததும் அவர்கள் கையில் அகப்படுவது பெரிய மனிதர்கள் அல்ல. பெரிய மனிதர்கள் அதற்குள் குதிரையேறிப் போயிருப்பார்கள். அகப்படுவது சின்ன மனிதர்கள். போன முறை, தீர்ப்பைச் சந்தையில் உரக்கப் படித்தவனின் நாக்கை அறுத்தார்கள். அவன் இன்னும் உயிரோடுதான் இருந்தான். கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக் கொடுத்துப் பிழைத்தான். தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் அவன் வாயைப் பார்க்காமல் இருக்கப் பிந்தோ பழகியிருந்தான்.

படித்தவனுக்கு நாக்கு என்றால் வரைந்தவனுக்கு எது என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சபையின் எழுத்தர் செர் லோத்தோ வாதுமைக் கொட்டைகளை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். தீர்ப்பு எழுதிய நடுவர் பக்கத்து அறையில் இருந்தார். எல்லா நடுவர்களையும் போல அவரும் வெளியூரிலிருந்து ஆறு மாதச் சம்பளத்துக்கு அழைத்துவரப்பட்டவர். தவணை முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விடுவார். பிந்தோ எங்கே போவான்?

"ரவாஞ்சியைத் தெரியுமில்ல உனக்கு?" என்றார் செர் லோத்தோ.

"ஊருக்கே தெரியுமுங்க."

"அவன் பொண்டாட்டியோட சீதனப் பெட்டியில மயில் வரைஞ்சது நீதானே?"

பிந்தோ அவசரமாகக் கையை ஆட்டினான். "சாயம் பூசினேனுங்க. அவ்வளவுதான்."

"பயப்படாதய்யா. நல்லதுக்குத்தான் கேக்குறேன். மூஞ்சி ஞாபகம் இருக்குமே. சந்தைக்கு வர்ற பொம்பளை தலையில இருக்கிற கூடையை இறக்காமலே பேரைச் சொல்லணும். அந்த மாதிரி வரை. யாரோ ஒரு மூஞ்சியப் போட்டுட்டு நழுவினேன்னு வையி, ஏன்னு கேப்போம். கயித்துல தூக்கி வச்சிக் கேப்போம்." ஒரு கொட்டையைப் பிளந்து பருப்பை நீட்டினார். "இந்தா, சாப்பிடு."

பிந்தோ வாங்கிக்கொண்டான். வீடு வரும்வரை அது வாயிலேயே கிடந்தது.

மீத்தா அவரைக்காய்க் கஞ்சியை அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நார்தோவும் இருந்தான். மூவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். மேல் வீட்டுக்காரன் சபைக்கு உளவு சொல்பவன் என்று எல்லோருக்கும் தெரியும்.

"முகத்தைக் கொஞ்சம் மாத்தி வரைஞ்சா என்ன?" என்றான் நார்தோ.

"அந்த இடது கண் இமை இருக்கே, பாதி மூடின மாதிரி தொங்குமே, அதைப் போடாம விட்டா லோத்தோ கேப்பான். போட்டா கல்வானோ கேப்பான்."

"ரெண்டு பேருக்கும் நடுவுல அரைக் கண்ணாப் போடு."

"அது ஏற்கனவே அரைக் கண்ணுதாண்டா!"

மீத்தா சிரிக்கவில்லை. கரண்டியால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "சுவர்ல எப்படி வரைவீங்க? காரை ஈரமா இருக்கையிலதானே?"

"ஆமா. ஈரத்துல போட்டாத்தான் சாயம் சுண்ணாம்போட சேந்து இறுகும். கல்லு மாதிரி நிக்கும்."

"பெட்டிக்கு?"

"பெட்டிக்கு முட்டை மஞ்சக்கருவுல கொழச்சுப் போடுறது. தெரியாத மாதிரி கேக்குற."

"போன வருஷம் ஒரு பெட்டி மழையில நனைஞ்சதே, அந்த மயில் என்னாச்சு?"

பிந்தோ கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"உடம்பு, காலு, கயிறு எல்லாம் ஈரத்துல போடுங்க" என்றாள் மீத்தா. "மூஞ்சிய மட்டும் காய விட்டு முட்டையில போடுங்க. இப்ப பாத்தா அச்சு அசலா இருக்கட்டும். ரெண்டு மழை பெஞ்சா உதுந்து போகும். லோத்தோ கேட்டா மழையைச் சொல்லலாம். கல்வானோ வந்தா அவன் மூஞ்சியே அங்க இருக்காது."

"அக்கா, நீ ஆம்பளையாப் பொறந்திருந்தா சபையில உக்காந்திருப்ப" என்றான் நார்தோ.

"சபையில உக்காந்திருந்தா இந்நேரம் என் மூஞ்சியும் ஏதாவது ஒரு சுவர்ல தொங்கும். கஞ்சியக் குடிடா."

அப்படியே வரைந்தான். ஒரு காலில் கட்டித் தொங்கும் உடல், சிவப்பும் வெள்ளையுமான காலுறை, கீழ்நோக்கிச் சரிந்த கைகள், எல்லாம் ஈரக் காரையில். முகத்துக்கு விட்ட இடம் நன்றாகக் காயும்வரை, வெயில் தாங்கவில்லை என்று சாரத்திலேயே படுத்துக் கிடந்தான். பிறகு மீத்தா துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பிய முட்டைகளை உடைத்தான். தலைகீழ் முகம் சரியாக வருகிறதா என்று பார்க்க, கால்களை அகட்டிக் குனிந்து தொடைகளுக்கு நடுவே தலையை விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. கீழே நின்ற கூட்டம் அதற்கே சிரித்தது. இமையைத் தீட்டி முடித்தபோது சிரிப்பு நின்றது. கூடையை இறக்காமலே ஒருத்தி சொன்னாள்: "அய்யோ, கல்வானோ!"

அதற்கடியில் சபை ஆள் ஒருவன் வந்து பெயரை எழுதினான். பக்கத்தில் பெரிய எழுத்தில் "துரோகி" என்று எழுதினான். அன்று சாயங்காலம் சந்தையில் மீந்த அழுகல் எல்லாம் சுவரில்தான் விழுந்தது. செர் லோத்தோ பிந்தோவின் தோளைத் தட்டினார். தட்டிய இடம் பிந்தோவுக்கு வெகுநேரம் சில்லென்று இருந்தது.

அக்டோபரில் மழை பிடித்தது.

முதலில் போனது மூக்கு. அடுத்த நாள் ஒரு கன்னம். பிந்தோ எதிர்பார்த்தது அதைத்தான். எதிர்பாராதது, அதைப் பார்த்து ஊர் என்ன செய்யும் என்பது. முதல் நாள் ரொட்டிக்காரி ஒருத்தி சுவரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். மறுநாள் சந்தையே அண்ணாந்து நின்றது. உடம்பில் ஒரு புள்ளி சாயம் போகவில்லை. கயிறு புதுக் கயிறாகத் தெரிந்தது. முகம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"சுவரை விட்டு இறங்குறான்டா" என்றான் ஒரு குயவன். "மூஞ்சி முதல்ல கிளம்பியாச்சு. ஆளு பின்னால வருவான்."

அது ஒரு நாளில் ஊரெல்லாம் பரவியது. அழுகல் எறிவது நின்றது. சுவரோரம் போகும்போது சிலர் தொப்பியைக் கழற்றினார்கள்; யாரும் கேட்டால் தலை அரிக்கிறது என்று சொறிந்துகொண்டார்கள். ரவாஞ்சி குடும்பத்தின் தூரத்து உறவுக்காரக் கிழவி ஒருத்தியின் வாசலில் யார் யாரோ பாலாடைக்கட்டியும் கோழியும் வைத்துவிட்டுப் போனார்கள். ஆற்று வாசலைக் காத்தவர்களில் சிலருக்குத் திடீரென்று வெளியூரில் கல்யாணம் வந்தது. சேதி சாமான் வண்டிகளோடு ஆற்றைத் தாண்டி ரொக்காவியாவுக்கும் போயிற்று.

பிந்தோ வீட்டுக்குள்ளேயே இருந்தான். கதவு தட்டும் சத்தம் கேட்டால் மீத்தா அவன் முகத்தைப் பார்ப்பாள், அவன் மீத்தாவின் முகத்தைப் பார்ப்பான். வெளியே நிற்பது மீன்காரியாக இருக்கும்.

ஒருநாள் மீன்காரி இல்லை, சபைக் காவலர்கள்.

செர் லோத்தோவின் மேசையில் இந்த முறை கொட்டைகள் இல்லை. அறையின் உத்தரத்தில் ஒரு கப்பியும் கயிறும் தொங்கின. பிந்தோ அதைப் பார்க்காமல் இருக்க முயன்று அதையே பார்த்தான்.

"மூஞ்சி எங்கய்யா போச்சு?"

"சுவர்ல உப்புப் பூத்திருச்சுங்க. அந்தச் சுவரு பழைய சுவரு..."

"உடம்புல பூக்காத உப்பு மூஞ்சியில மட்டும் பூத்துச்சா?"

பிந்தோ மறுபடியும் கயிற்றைப் பார்த்தான்.

"ஊரு பூரா அவன் வர்றான், அவன் வர்றான்னு புலம்புது" என்றார் செர் லோத்தோ. அவர் குரலிலும் ஏதோ நடுங்கியது. அதுதான் பிந்தோவை அதிகமாகப் பயமுறுத்தியது. "ரொக்காவியாப் படை ஆத்துக்கு அந்தப் பக்கம் கூடாரம் போட்டாச்சு, தெரியுமா? நாளைக்கு விடிஞ்சதும் சாரத்துல ஏறு. ஈரக் காரையில வரை. காவல் கீழ நிக்கும். மூஞ்சி அப்படியே இருக்கணும். முடிச்சிட்டு வா. உன் கை உனக்கு வேணுமா, வேண்டாமான்னு அப்புறம் பேசலாம்."

மறுநாள் மூடுபனி. பிந்தோ பழைய பூச்சை முகம் இருந்த அளவுக்குக் கொத்தி எடுத்தான். சுவரை நனைத்தான். சலித்த மணலும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பூசித் தேய்த்தான். ஒரு முகத்துக்கான காரை. நடுப்பகல் வரை தாங்கும். அதற்குள் வரைந்தாக வேண்டும். காய்ந்தபின் சாயம் ஏறாது. கீழே இரண்டு காவலர்கள் கஷ்கொட்டை ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு நின்றார்கள்.

கரியால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது பெரிய கோபுரத்து மணி அடித்தது. சண்டைக்கு மட்டும் அடிக்கிற மணி.

காவலர்கள் ரொட்டியைக் கீழே போட்டார்கள். ஒருவன் ஓடத் தொடங்கிவிட்டு நின்றான். "இவன் ஓடிட்டா நம்ம தலை போகும்" என்றான். இருவரும் சேர்ந்து ஏணியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு ஆற்று வாசலை நோக்கி ஓடினார்கள்.

பிந்தோ சாரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான். இரண்டு மாடி உயரம்; சுவரில் செருகிய கட்டைகள் மேல் பலகை போட்ட சாரம், பிடித்து இறங்கக் கம்பம் இல்லை. கீழே கருங்கல் தளம். சந்தை ஒரு நொடியில் காலியாயிற்று. கதவுகள் அறைந்து சாத்தப்படும் சத்தம், குதிரைகளை மறிக்கத் தெருக்களுக்குக் குறுக்கே சங்கிலி இழுக்கும் சத்தம், எங்கோ ஒரு நாய். கசாப்புக்காரர்கள் தங்கள் சங்கக் கொடியோடு ஆற்று வாசலுக்கு ஓடினார்கள். அவர்களில் நார்தோ இருந்தான், இடுப்பில் வெட்டுக்கத்தி. ஓடிக்கொண்டே அண்ணாந்து பார்த்தான்.

"மச்சான்! ஊர்லயே பத்திரமான இடம் உனக்குத்தான்!" என்று கத்திவிட்டு மூலையில் திரும்பி மறைந்தான்.

சற்று நேரத்தில் மீத்தா வந்தாள். தலைத்துணி அவிழ்ந்து தோளில் கிடந்தது.

"குதிங்க!"

"கால் ஒடிஞ்சிரும்டி!"

"கைதானே போகக் கூடாது? குதிங்க!"

பிந்தோ ஒரு காலைத் தொங்கவிட்டான். உடம்பு மறுத்தது. மறுபடி ஏற்றிக்கொண்டான்.

"அப்ப அந்த மூஞ்சியைக் கறுப்பா அடிச்சிருங்க!"

"அடிச்சா லோத்தோ கையை எடுப்பான்."

"வரைஞ்சிருங்க!"

"வரைஞ்சா கல்வானோ எடுப்பான்."

"ஏதாவது ஒண்ணு செய்யுங்களேன்! மரம் மாதிரி நிக்காதீங்க. நான் ஏணி பாத்துட்டு வர்றேன்." அவள் ஓடினாள். எல்லாக் கதவுகளையும் தட்டிக்கொண்டு போவது கேட்டது. ஒரு கதவும் திறக்கவில்லை.

ஆற்றுப் பக்கம் இரைச்சல் ஏறியது. முதலில் கொம்பு. பிறகு மரம் பிளக்கும் ஓசை. பிந்தோ காரையில் புறங்கையை வைத்துப் பார்த்தான். இறுகத் தொடங்கியிருந்தது. தூரிகையை நனைக்கச் சுண்ணாம்புத் தண்ணீர் வாளியின் மேல் குனிந்தான். மூடுபனி விலகி வெளிச்சம் வந்திருந்தது. தண்ணீரில் ஒரு முகம் தெரிந்தது. வாய் லேசாகத் திறந்து, நெற்றி நரம்பு புடைத்து, கண் இரண்டும் வெளியே வந்துவிடுவதுபோல். அவ்வளவு பயந்த முகத்தை அவன் அதுவரை எங்கும் பார்த்ததில்லை.

இந்த முகத்தை வரைந்தால் யார் கோபித்துக்கொள்வார்கள்?

அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை. பச்சை நிற மண்சாயத்தைக் குழைத்து நிழல் போட்டான். அதன்மேல் சதை நிறம். காவியால் இமை, உதடு. வாளியில் பார்ப்பான், குனிந்து தொடைகளுக்கு நடுவே பார்ப்பான், தீட்டுவான். லோத்தோ வந்து கேட்டால், பயத்தில் கை தவறிவிட்டது என்று காலில் விழலாம். கல்வானோ வந்தால், அது அவன் இல்லை. பயம் அவன் கையை விட்டுத் தூரிகைக்குப் போய்விட்டதுபோல் இருந்தது. கோடுகள் நடுங்காமல் விழுந்தன. வாழ்நாளில் அவன் செய்ததிலேயே நல்ல வேலை அது. தொங்குகிறவன் தொங்குவதை அறிந்திருந்தான்.

முடித்து நிமிர்ந்தபோது இரைச்சல் நின்றிருந்தது. குளம்பொலி மட்டும் வந்தது. கூட்டமாக, அவசரமில்லாமல்.

கல்வானோ ரவாஞ்சி முன்னால் வந்தான். குதிரையின் மார்பு வரை சேறு. இடது இமை வழக்கம்போல் பாதி மூடித் தொங்கியது. அவன் தன் இடிந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. நேரே சுவருக்கு வந்தான். பின்னால் ரொக்காவியாக்காரர்கள், ஊருக்குத் திரும்பும் அகதிகள். திறக்காத கதவுகள் இப்போது ஒவ்வொன்றாகத் திறந்தன. அவன் பெயரைச் சொல்லி வாழ்த்திக்கொண்டு ஜனம் வந்து சேர்ந்தது. ஏணியில்லாமல் மீத்தா கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள்.

கல்வானோ தன் பெயரைப் படித்தான். அடுத்த சொல்லையும் படித்தான். பிறகு முகத்தைப் பார்க்கத் தலையைச் சாய்த்தான். கூட வந்தவர்களும் சாய்த்தார்கள். அவன் கண் சுவரிலிருந்து சாரத்துக்கு ஏறியது. அங்கே, சாயம் வழியும் தூரிகையோடு, அதே முகம் நேராக நின்றது.

"டேய்" என்றான் கல்வானோ. "இது நீயில்ல?"

"ஆமாங்கய்யா."

முதலில் ஒரு குதிரைக்காரன் சிரித்தான். பிறகு சந்தை முழுக்கச் சிரிப்பு. கல்வானோ சிரிக்கவில்லை.

"மயில்காரன்தானே நீ? எங்க வீட்டுப் பெட்டியில ஒரு மயிலுக்குக் கால் குட்டை. என் பொண்டாட்டி இன்னும் சொல்லுவா. சரி, எதுக்கு உன்னையே வரைஞ்ச?"

பொய் எதுவும் நினைவுக்கு வரவில்லை. "இந்த மூஞ்சிக்காக யாரும் என் கையை வெட்ட மாட்டாங்கன்னு நினைச்சேனுங்க."

"முன்னால இங்க யாரு மூஞ்சி இருந்துச்சு?"

"உங்களதுங்க."

"எங்க அது?"

"மழையில போயிருச்சுங்க. போகணும்னுதான் போட்டேன். முட்டையில கொழச்சு, காஞ்ச காரையில... மாதா மேல சத்தியமா, மழை பெஞ்சா போகணும்னுதான் போட்டேனுங்க!"

கல்வானோவின் மூடிய இமை மெல்ல உயர்ந்தது. அவன் பக்கத்திலிருந்த ரொக்காவியாத் தளபதியைப் பார்த்தான். இருவர் முகத்திலும் ஏதோ ஓடியது.

"கேட்டீங்களா?" என்றான் கல்வானோ. இப்போது அவன் குரல் சந்தை முழுவதற்கும் கேட்டது. "மாசக்கணக்கா இவங்க வாசல்ல ஒரு படை குடுங்கன்னு நின்னேன். ஒருத்தனும் அசையல. மோந்தார்ஸோ சுவர்ல ரவாஞ்சியோட மூஞ்சி தானா இறங்குது, ஊரே நடுங்குதுன்னு ஒருநாள் சேதி வந்துச்சு. மறுநாளே குதிரை குடுத்தாங்க. ஆத்து வாசல்ல இன்னைக்குப் பாதிப் பேரு சண்டையே போடலடா, என்னைப் பாத்ததும் ஆயுதத்தைக் கீழ போட்டுட்டாங்க. நான் சாமி காரியம்னுல்ல நினைச்சேன்!" அவன் சேணத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இந்த ஊருக்குள்ள என்னைக் கூட்டிட்டு வந்தது இந்த மயில்காரன்தான். இவன் கையை யாரும் தொடக் கூடாது. ஏணி கொண்டாங்கடா!"

ஜனம் கை தட்டியது. தட்டிக்கொண்டே அவர்கள் பிந்தோவைப் பார்த்த பார்வையை அவன் மேலிருந்து கண்டான். வாய்கள் சிரித்தன; கண்கள் கணக்கு வைத்துக்கொண்டன.

ஏணி வந்தது. சபை ஆளே வந்து, கல்வானோவின் பெயரைச் சுரண்டி எடுத்தான். அடுத்த சொல்லையும் சுரண்டப் போனவனைக் கல்வானோ தடுத்தான்.

"அது இருக்கட்டும். மூஞ்சியும் இருக்கட்டும். நல்லா வந்திருக்கு."

பிந்தோ ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஆற்று வாசலிலிருந்து வண்டிகள் வந்தன. எல்லோரும் ஆயுதத்தைக் கீழே போட்டுவிடவில்லை. கசாப்புக்காரர்கள் போடவில்லை. இரண்டாவது வண்டியில், தங்கள் கொடியாலேயே மூடியிருந்தவர்களில் ஒருவனின் காலில் மீத்தா தம்பிக்குத் தைத்துக் கொடுத்த செருப்பு இருந்தது. அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். சத்தம் போடவில்லை. ஒரே ஒரு முறை திரும்பிப் பிந்தோவைப் பார்த்தாள். எல்லாம் அந்த முட்டையால்தான் என்று அவள் நினைத்ததை அவனும் நினைத்தான். அதன்பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவன் வீட்டில் இருக்கும்போது அவள் முட்டை உடைப்பதும் இல்லை.

அவன் கை தப்பியது. செர் லோத்தோ தப்பிப் போய்விட்டார். ரொக்காவியாவுக்கு எதிரான வேறொரு ஊரில், இழந்தவர்கள் எல்லோரும் கூடுகிற ஊரில், போய் உட்கார்ந்திருப்பதாகச் சேதி வந்தது. அங்கே படை கேட்டு நிற்கிறாராம். சந்தையில் அதைச் சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்ப்பார்கள். பெயரில்லாத இடத்தையும், பக்கத்தில் இருக்கும் ஒரே சொல்லையும், மேலே அந்த முகத்தையும் பார்ப்பார்கள். பிறகு பிந்தோவைப் பார்த்து, "என்ன ஓவியரே, சௌக்கியமா?" என்பார்கள். கிணற்றடியில் இருந்தவன் மட்டும் எதுவும் கேட்பதில்லை, அவனால் முடியாது. பிந்தோவின் குடத்தை வாங்கி, மற்றவர்களுக்கு நிரப்புவதைவிடக் கொஞ்சம் தளும்பவே நிரப்பிக் கொடுப்பான்.

இரவில் ஒருமுறை பிந்தோ சுத்தியலோடு புறப்பட்டான். வாசலைத் தாண்டுமுன் மீத்தா கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும்னு சொன்னவன் இன்னும் ஊருக்குள்ளதான் இருக்கான்" என்றாள்.

அதனால் அவன் மழைக்குக் காத்திருக்கத் தொடங்கினான். அக்டோபர் வந்தால், மற்றவர்கள் கூரைக்கடியில் ஒதுங்கும்போது, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய் நிற்பான். மூக்கு போகிறதா, கன்னத்தில் ஒரு செதில் எழுகிறதா என்று அண்ணாந்து பார்ப்பான். தண்ணீர் முகத்தின்மேல் வழிந்து ஓடும். கோடையில் படிந்த தூசி எல்லாம் கழுவிப் போகும். கழுவக் கழுவ, வாய் திறந்த அந்தத் தலைகீழ் முகம், நேற்று வரைந்ததுபோல் சுவரில் பளிச்சென்று தெரியும்.